பெரியப்பா பெட்டியில் 63 ரெக்கார்டுகள்: எதில் போட்டுக் கேட்பது?

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டை விற்றபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். ஏணியில் ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே பழைய தினசரித் தாளில் சுற்றிய இசைத்தட்டுகள். "எத்தனையோ பேர் கேட்டாங்க. எடைக்குப் போடாம வெச்சிருந்தேன் பாரு, அதுவே பெரிசு. நீயாவது போட்டுக் கேளுப்பா" என்றார் பெரியம்மா.

கேட்கலாம்தான். ஆனால் எதில் போட்டு? அதற்கு விடை தேடி ஒன்றரை வருடம் ஓடியது, ஒரு நல்ல எல்பி (லாங் பிளே தட்டு) பாழானது, கொஞ்சம் பணமும் வீணானது. இதே மாதிரி ஒரு பெட்டி உங்கள் வீட்டுக்கும் வந்து, என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தால், நான் பார்த்த நாலு வழிகளை எடை போட்டுச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள். இதைச் செய்யாமல் கடைக்குப் போனதுதான் என் முதல் தவறு. என் பெட்டியில் 63 தட்டுகள். அதில் 41 அரக்குத் தட்டு, 13 ஈபி, 9 எல்பி. மூன்றும் வட்டமாகக் கறுப்பாக இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய உறவு கிடையாது. அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், அவ்வளவுதான். கையில் எடுத்தால் கனக்கும், விரலால் சுண்டினால் பீங்கான் தட்டு மாதிரி ஒலிக்கும், கீழே விழுந்தால் உடையும். 1948-ல் வந்த, 33 சுற்று சுற்றும் எல்பியும் அதற்கு அடுத்த வருடம் வந்த 45 சுற்றுத் தட்டும் (என் ஈபிகள் இந்த ரகம்) வினைல் என்ற பிளாஸ்டிக். வளையும், லேசில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

அரக்கு என்று சும்மா சொல்லவில்லை. மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து நாற்காலிக்குப் பூசுகிறார்களே, அது. அந்த அரக்கோடு கல் மாவு, கரித்தூள், பஞ்சு இழை எல்லாம் கலந்து அழுத்தி எடுத்ததுதான் இந்தத் தட்டு. உண்மையில் அரக்கைவிடக் கல் மாவுதான் அதிகம். இந்தச் சேர்மானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி, எந்தத் தண்ணீர், எந்த எந்திரம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் இதில் இருக்கிறது.

சாவி கொடுக்கும் கிராமபோன்

பெட்டியில் கிராமபோன் இல்லை. ஆனால் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் இருக்கும்போது கிராமபோன்தான் வேண்டும் என்று மனசு சொன்னது. பளபளவென்று பித்தளைக் குழாய் வைத்த ஒன்றைப் பழம்பொருள் கடையில் பார்த்தேன். எட்டுப் பட்டைப் பெட்டி, முன்னால் குழாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாயின் தகடு. கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். உடன் வந்த நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இப்படிக் குழாய் வைத்து இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் சேர்த்துக் கட்டியவை. பழைய பெட்டி கிராமபோனின் மோட்டாரை உருவி, புதுப் பெட்டியில் வைத்து, மெல்லிய பித்தளைத் தகட்டில் குழாய் செய்து மாட்டிவிடுவார்கள். குழாய்க்கும் தட்டின் மேல் போகும் கைக்கும் அளவு பொருந்தாது. ஊசி தட்டின் நடுப்பக்கம் போகப் போகக் கோணம் மாறி, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரை உரசித் தின்னும். வரவேற்பறை அலங்காரத்துக்குச் சரி, தட்டு போடாதீர்கள்.

அசல் வேண்டுமென்றால் குழாயை மறந்துவிட்டு, சூட்கேஸ் போல மூடித் தூக்கும் எச்.எம்.வி. 102 போன்றவற்றைத் தேடுங்கள். 1931-ல் வந்த மாடல், நம் ஊர்களில் நிறையப் புழங்கியது. நான் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கில் இறுகிப்போன பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதுசு போட்டு, ஒலிப்பெட்டியின் (ஊசி மாட்டும் தலையின்) ரப்பர் வளையங்களை மாற்றினேன். அந்த வளையம் கல்லாகியிருந்தால் பாட்டு கரகரக்கும்; தட்டு கெட்டுப்போச்சு என்று நாம் தட்டைக் குறை சொல்வோம்.

இனி ஊசி. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இதில் பேரமே கிடையாது. எஃகு ஊசியின் முனையைத் தட்டில் இருக்கும் கல் மாவுதான் முதல் சில சுற்றுகளில் பள்ளத்தின் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். மூன்று நிமிடம் முடியும்போது முனையின் இரு பக்கமும் உளி மாதிரி ஆகியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் அந்த உளி புதுப் பள்ளத்தைச் செதுக்கும். அந்தக் காலத்தில் இருநூறு ஊசி கொண்ட குட்டித் தகர டப்பாக்கள் விற்றது இதனால்தான். பெரியப்பாவும் அவர் நண்பர்களும் ஒரு ஊசியை ஒரு வாரம் வைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்பது என் தட்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. சத்தமான இடங்களிலெல்லாம் பள்ளம் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது.

எஃகு ஊசியின் மேல் இருக்கும் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். அந்தக் கனத்துக்கென்றே செய்த 1930-களின் தட்டுகள் தாங்கும். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டுத் தட்டுகள் உரத்த ஒலியோடு பதிவானவை. அவற்றை நான் கிராமபோனில் போடுவதில்லை. வினைலை? ஒரே ஒரு தடவை போட்டால் போதும், அப்புறம் அதில் பாட்டு இருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரமே இல்லாமல், ஒரு சின்ன அலுமினியத் தகடு அதிர்ந்து, தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய குரல் கூடத்தை நிறைக்கிறதே, அந்த அனுபவம் மற்ற மூன்று வழிகளிலும் இல்லை.

வீட்டிலேயே கிடக்கும் பழைய எலெக்ட்ரிக் பிளேயர்

எழுபதுகளில் பல வீடுகளில் எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி மூடி போட்ட பிளேயர் இருந்தது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ரெக்கார்டு போடும் மைக் செட்காரரிடம், தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் கராட் கம்பெனி சேஞ்சர் இருந்தது. உங்கள் மாமா வீட்டில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இலவசமாகவே கிடைக்கும். இவற்றின் ஒரு புத்திசாலித்தனம் எனக்குப் பிடிக்கும். காட்ரிட்ஜில், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதியில், புரட்டிப் போடும் ஊசி. சின்னப் பிடியை ஒரு பக்கம் திருப்பினால் 78, மறுபக்கம் திருப்பினால் எல்பி. ஒரே எந்திரத்தில் இரண்டுக்கும் சரியான முனை. இன்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பல புதுசுகளில் இது கிடையாது.

சிக்கல் வயசுதான். தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து சப்பையாகியிருக்கும். பாட்டுக்கு அடியில் டக் டக் என்று தாளம் போடும். பழைய கிறிஸ்டல் காட்ரிட்ஜ்களுக்குள் இருப்பது ஒருவகை உப்பு. நம் கடலோர ஈரத்தில் அது நீர்த்துப்போய், ஊமையாகிவிடும். மாற்றுக் காட்ரிட்ஜ் கிடைக்கிறது, தேட வேண்டும். ரேடியோ ரிப்பேர் தெரிந்த வயசாளி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் இந்த வழி மலிவு. அவர் இல்லையென்றால் இந்த வழியும் இல்லை.

பிக்கப் தலை மேல் நாலணாக் காசு வைக்கும் வழக்கம் மைக் செட்காரர்களிடம் இருந்தது, ஊசி துள்ளாமல் இருக்க. பந்தலில் நாற்பது பேர் நடக்கும்போது அதற்கு நியாயம் உண்டு. வீட்டில் வேண்டாம். காசு இரண்டரை கிராம்தான். ஆனால் அந்த முனையின் அகலத்தை வைத்துப் பார்த்தால் அது பாறாங்கல். துள்ளுகிற தட்டில் அழுக்கு இருக்கும், அல்லது ஊசி தேய்ந்திருக்கும். அதைப் பாருங்கள்.

புது சூட்கேஸ் பிளேயர்

என் எல்பி பாழானது இதில்தான். இணையத்தில் ஐயாயிரத்திலிருந்து கிடைக்கும். அழகான நிறங்கள், உள்ளேயே ஸ்பீக்கர், ப்ளூடூத், 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு என்று அட்டையில் போட்டிருக்கும். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன்.

மூன்று வேகம் உண்மைதான். ஊசி ஒன்றுதான். எல்பியின் பள்ளம் மிகக் குறுகல். அதற்கான முனையின் வளைவு 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு. 78-ன் பள்ளம் அகலம்; அதற்கு 75 மைக்ரான் வேண்டும், நாலு மடங்கு. எல்பி ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் புரளும். அடியில் இருப்பது தொண்ணூறு வருடத் தூசியும் பொடியும். கேட்பது பாட்டல்ல, எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். "பழைய ரெக்கார்டு அப்படித்தான் இருக்கும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அப்படி இல்லை. சரியான ஊசியை வைத்ததும் அதே தட்டில் வயலின் தனியாக, மிருதங்கம் தனியாகக் கேட்டது. நான் அசந்துபோனேன்.

அதோடு, கல் மாவில் புரண்டு தேய்ந்த அந்த ஊசியையே அடுத்து எல்பியில் வைத்தேன். இந்தப் பிளேயர்களின் கையில் பின்பக்கக் கனம் வைத்துச் சமன் செய்யும் வசதி இருக்காது. ஐந்து, ஆறு கிராம் அழுத்தும். ஊசி முனையும் பெரும்பாலும் சஃபையர் கல், ஐம்பது மணி நேரம் போனால் மாற்ற வேண்டும். ஒரே மாதத்தில், பெரியப்பா பத்திரமாக வைத்திருந்த திரைப்படக் கதை வசன எல்பி ஒன்றில் 'ச'வும் 'ஸ'வும் கிழிந்து ஒலிக்க ஆரம்பித்தன. அது திரும்ப வராது. வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடையில் இன்றும் கிடைக்கிற புது வினைல் இரண்டு மூன்று மட்டும் வைத்திருக்கும் கல்லூரிப் பையனுக்கு, தொடங்கிப் பார்க்க, இது போதும். மறுபடி வாங்க முடியாத தட்டுகளுக்கு வேண்டாம்.

78-ம் ஓடும் நல்ல டர்ன்டேபிள், இரண்டு ஊசிகள்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. செலவு குத்துகிறது, முப்பது, நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல டர்ன்டேபிள்களிலும் பலவற்றில் 78 கிடையாது. டிஜேக்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2-ல்கூட 33, 45 மட்டும்தான். ஆடியோ டெக்னிக்கா எல்.பி. 120-ல் மூன்றும் உண்டு. அதோடு வரும் காட்ரிட்ஜில் ஊசிப் பகுதியை மட்டும் விரலால் உருவி, 78-க்கான ஊசியைச் செருகிக்கொள்ளலாம். எல்பிக்கு இரண்டு கிராம், 78 ஊசிக்கு ஐந்து கிராம் என்று பின்கனத்தைத் திருப்பி வைக்க வேண்டும். கிராமபோனின் நூறு கிராமோடு இந்த ஐந்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. எஃகு ஊசி பள்ளத்தின் சுவரில் குறிப்பிட்ட ஒரு உயரத்தில்தான் தேய்த்திருக்கும். கொஞ்சம் அகலமான அல்லது கொஞ்சம் குறுகலான முனை அதற்கு மேலேயோ கீழேயோ, தேயாத இடத்தைத் தொடும். என் சுந்தராம்பாள் தட்டு ஒன்று சாதாரண 78 ஊசியில் அழுதது. நண்பரிடம் இருந்த அகல ஊசியில் பேசியது.

தட்டு மோனோ, அதாவது ஒரே ஒலி; காட்ரிட்ஜ் ஸ்டீரியோ, இடம் வலம் என்று இரண்டு. அதனால் பெருக்கியில் (ஆம்ப்ளிஃபயரில்) மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி காணாமல் போகும். காசில்லாத வைத்தியம். அப்புறம், இன்றைய ஃபோனோ பெருக்கிகள் ஐம்பதுகளின் நடுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆர்ஐஏஏ என்ற ஒலிச் சமன் அளவுக்குச் செய்தவை. அதற்கு முந்தைய தட்டுகள் அதில் கொஞ்சம் மூடிய மாதிரி கேட்கும். ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், இதற்கென்று தனிக் கருவி வாங்கச் சொல்பவர்களை நான் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்ஜெட் இடித்தால் ஒரு குறுக்கு வழி. 33, 45 மட்டும் ஓடும் பழைய நல்ல டர்ன்டேபிளை வாங்கி, 78 ஊசி மாட்டி, அரக்குத் தட்டை 45-ல் ஓட்டிக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 45-லிருந்து 78-க்கு மாற்றலாம், கணக்குப்படி 1.733 மடங்கு. ஒலியின் சமன் கொஞ்சம் பிசகும், ஆனால் வளைந்த தட்டுகளுக்கு மெதுவான வேகம் உண்மையிலேயே நல்லது. கையோடு உட்கார்ந்து கேட்க முடியாது என்பதுதான் குறை. பாட்டு கேட்கிற வேலை அலுவலக வேலை மாதிரி ஆகிவிடும்.

பதிவு என்றதும் ஒன்று. ஓடியன் லேபிள் தட்டுகள் உங்களிடம் இருந்தால், ஓட்டுவதற்கு முன் தேடிப் பாருங்கள். அந்த லேபிளின் இந்தியத் தட்டுகளில் நிறைய, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டம் ஒன்றில் மின்னாக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே நல்ல பதிவு இருந்தால் உங்கள் தட்டைத் தேய்க்க வேண்டியதில்லை.

கழுவுவது

எந்திரத்தில் தவறினால் தட்டு மெல்லத் தேயும். கழுவுவதில் தவறினால் ஒரே நாளில் போய்விடும். இதைப் பெரிதாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக்கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கொலோன், சானிடைசர், கடையில் வாங்கிய வினைல் கிளீனர், எதுவானாலும் உள்ளே ஆல்கஹால் இருந்தால் அரக்கைக் கரைக்கும். தச்சர் அரக்கைக் கரைப்பதும் ஸ்பிரிட்டில்தானே.

அரக்குக்கு நான் செய்வது இது. முதலில் மென்மையான தூரிகையால் காய்ந்த தூசியைப் பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பேன். பிறகு ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அதை நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, லேபிள் நனையாமல் சுற்றித் துடைப்பது. பின் வெறும் நீரால் ஒரு தடவை, உடனே உலர்ந்த துணி. ஊறப்போடுவதே இல்லை. போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த நீர் கேன் மலிவாகக் கிடைக்கும். கேனை வாங்கும்முன் அது ஆசிட் இல்லையே என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட தட்டு, விளிம்பு பொரிந்த தட்டு இரண்டுக்கும் ஈரமே வேண்டாம்.

வினைலுக்கு இத்தனை பயமில்லை. பூஞ்சை பிடித்த எல்பிக்கு நீரில் கால் பங்கு ஐசோபுரோப்பைல் கலந்து துடைக்கிறேன். ஃபெவிகால் ஊற்றிக் காய வைத்துத் தோலாக உரிக்கும் வித்தையையும், ஏற்கெனவே பாழான அந்தக் கதை வசன எல்பியில் செய்து பார்த்தேன். ஆச்சரியமாக, அழுக்கு தோலோடு வந்தது. விளிம்பில் மட்டும் கொஞ்சம் பசை விடாப்பிடியாக நின்றுவிட்டது. கிழிந்த 'ச' கிழிந்தபடியேதான் இருக்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு நாள் ஆகும் வேலை. அரக்கில் இதை முயலவே முயலாதீர்கள்.

வைப்பதற்கு: நிமிர்த்தி வையுங்கள், புத்தகம் மாதிரி, சாய விடாமல். பரண் வேண்டாம். ஓட்டுக்கும் மொட்டை மாடிக்கும் நேர் கீழே சித்திரை மாதம் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும், வினைல் அப்பளமாகிவிடும். மரப் பீரோவின் கீழ்த்தட்டு நல்லது, தரையை ஒட்டி இல்லாமல்.

யாருக்கு எது

பெட்டியில் முழுக்க எல்பி, ஈபி என்றால் 78 பற்றிக் கவலையே படாதீர்கள். பின்கனம் வைத்த எந்தச் சாதாரண டர்ன்டேபிளும் போதும், பாதி விலையில் முடியும். முழுக்க முப்பதுகளின் அரக்கு, அதுவும் ஏற்கெனவே தேய்ந்தது, கேட்பதைவிட அந்தக் காலத்தை உணர்வதுதான் ஆசை என்றால், நல்ல பெட்டி கிராமபோனும் ஐநூறு ஊசியும் வாங்குங்கள். என் மாதிரி கலந்துகட்டி வந்தால் இரண்டு ஊசி வைத்த டர்ன்டேபிள். கையில் பணம் இப்போது இல்லையா, கழுவி, உறை போட்டு, நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள். தொண்ணூறு வருடம் இருந்த தட்டு இன்னும் ஆறு மாதம் இருக்கும். அந்த ஆறு மாதத்துக்கென்று சூட்கேஸ் பிளேயர் வாங்குவதைத்தான் செய்யக்கூடாது.

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். 41 அரக்குத் தட்டில் ஆறு மட்டும், சாம்பல் பூத்துப்போன ஆறு, கிராமபோனுக்கு. பெரியம்மா வரும்போது அவர் கையாலேயே சாவி கொடுப்பார். மீதி டர்ன்டேபிளில். விரிசல் விட்டவை இரண்டு. ஒன்றை ஒரே ஒரு தடவை, சுற்றுக்கு ஒரு டக்கோடு, 45-ல் ஓட்டிப் பதிவு செய்தாகிவிட்டது. அந்த டக்குகளை ஆடாசிட்டியில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றில் விரிசல் லேபிள் வரை போயிருக்கிறது. அதை இன்னும் ஓட்டவில்லை.